மணலில் எழுதிய பிள்ளைகள்



கி.பி. 1623ஆம் ஆண்டில் பியேத்ரோ தெல்லா வால்லே என்னும் இத்தாலிய நாட்டுப் பயணி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து இக்கேரி நாயக்கரின் நாட்டுக்குச் சென்றார். வழியில் ஒரு கோயிலின் முன்றிலில் அவர் தங்க நேர்ந்தது. அங்கே நான்கு சிறுவர் தரையில் அமர்ந்து கணக்குப் பயின்றுகொண்டிருந்தனர். ஒருவன் பாடத்தின் ஒரு பகுதியை இசையோடு பாடுவான்; பாடிக்கொண்டே தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதுவான். மற்ற மூவரும் அதனையே பாடி, அவ்வாறே எழுதுவர். இடம் நிறைந்ததும் கையால் அழித்துப் புதுமணல் தூவுவர். ஆசிரியர் ஒருவரும் அங்கு இல்லை. “மறந்துவிட்டால் உங்களைத் திருத்துபவர் யார்?” என்று பயணி வினவினார். நான்கு பேரும் ஒரே இடத்தை ஒரே சமயத்தில் மறப்பது இயலாதென்று சிறுவர் விடையிறுத்தனர். அவ்விடை பயணிக்கு வியப்பளித்தது. அதனை அவர் தம் கடிதத்தில் எழுதிவைத்தார்.

ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழிந்தன. 1789ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற மைந்தர்கள் அங்கு வளர்க்கப்பட்டனர். ஒருநாட் காலை குதிரைமீது சென்ற பெல், வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றனர். அக்காட்சி அவர் உள்ளத்தில் பதிந்தது. தம் காப்பகத்திலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியரைப் பணித்தார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவனின் முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் பெல் இலண்டனில் இதனை ஒரு நூலாக வெளியிட்டார். மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறை ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளிற் பரவியது. பெல் 1832இல் மறைந்தபோது, வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மணலில் எழுதிய அத்தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்கள் எவருக்கும் தெரியா. அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரும் தெரியாது. வழிமுறை கப்பலேறிச் சென்றது. அதனை வளர்த்த தெருவும் திண்ணையும் இங்கேயே நின்றுவிட்டன. பின்னர் மிஷனரிமார் இம்முறையை ஐரோப்பியக் கல்விமுறை என்னும் கோலத்தோடு இந்தியாவிற்கே திரும்பக் கொண்டுவந்தனர். இஃது ஒரு வேடிக்கையான செய்தி எனச் சிலர் கருதலாம். ஆயினும் இதனுள் ஓர் ஆழ்ந்த வினா அடங்கியுள்ளது. குழந்தைப் பருவத்தைப் பற்றி நாம் அறிந்தவையெல்லாம் யார் கண்ணால் கண்டவை? எங்கிருந்து கண்டவை? எந்த அளவுகோலால் அளந்தவை? இவ்வினாவையே இன்று நாம் ஆராயவிருக்கிறோம்.

மானிடப் புவியியல் என்பது மக்களுக்கும் அவர்கள் வாழும் இடத்திற்கும் உள்ள உறவை ஆராயும் துறை. மலை, ஆறு, மழை ஆகியவற்றோடு அது நின்றுவிடுவதில்லை. ஒரு தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கலாகாது. ஒரு சிறுமி தன் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு தனியே செல்லலாம். ஆடு மேய்க்கும் சிறுவன் எந்தப் புதரில் எந்தக் கனி பழுக்கும் என்பதை எவ்வாறு அறிகிறான் என்பனவெல்லாம் அத்துறையின் பொருள்களே. இத்துறையினர் நெடுங்காலம் பிள்ளைகளைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தத் தொடங்கிய பின்னரும், ஐரோப்பிய நகரத்தில் பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் வாழ்வையே உலகக் குழந்தைகள் அனைவர்க்கும் உரிய இயல்பான வாழ்வென்று பலர் கருதினர். பிற நாட்டுப் பிள்ளைகள் அவ்வாழ்வை இன்னும் எட்டாதவர்களாகத் தோன்றினர். இக்கருத்தை மறுத்து, ஆளப்பட்ட நாடுகளின் பிள்ளைகளை அவரவர் மண்ணில் நின்று, அவரவர் சொல்லைக் கேட்டு ஆராய வேண்டும் என்பதே ஆதிக்க நீக்கப் பார்வை எனப்படும்.

இப்பார்வையின் தேவையை விளக்க நம் நாட்டு வரலாறே நல்ல சான்று தருகிறது. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேர் பயில்கின்றனர் என்னும் விவரங்களைத் திரட்டுமாறு கலெக்டர்களைப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் முடிவுகள் காணப்படுகின்றன. மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணவர் 1,88,650 பேர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது கணக்கு. ஐந்து முதல் பத்து வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 7,13,000 பேர் இருக்கலாம் என மன்றோ மதிப்பிட்டார். பள்ளியில் இருந்தோர் 1,84,110 பேர். இது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. வீட்டில் பயில்வோரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் கருத்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் நிலை சில காலத்திற்கு முன்வரை இதனினும் தாழ்ந்திருந்தது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

இக்கணக்கு பெரிதும் பயனுடையது, ஐயமில்லை. ஆயினும் கணக்கெடுத்த முறையைச் சற்றுக் கவனியுங்கள். அரசாங்கம் அனுப்பிய படிவத்திற் பள்ளிக்கூடம் ஒன்றே கல்வியின் இடம். சென்னை நகரில் வீட்டிற் பயில்வோர் 26,963 பேர் என்று ஒரு கணக்கு வந்தபோது, அதிற் பிழையிருக்கக்கூடும் என மன்றோவே ஐயுற்றார். தறியருகே அமர்ந்து பாவு ஓட்டக் கற்ற சிறுவனுக்கும், வயலில் நாற்று முடி கட்டக் கற்ற சிறுமிக்கும், கட்டுமரத்தில் ஏறிக் காற்றின் போக்கை அறிந்த மீனவப் பிள்ளைக்கும் அப்படிவத்தில் இடமில்லை. பள்ளியில் இருந்த பெண்பிள்ளைகள் மாகாணம் முழுவதிலும் 4,540 பேரே. எஞ்சிய இலட்சக்கணக்கான சிறுமியர் என்ன செய்தனர், எங்கு நடமாடினர், என்ன அறிந்திருந்தனர் என்பதை எவரும் வினவவில்லை. ஆகவே ஏடுகளில் அவர்கள் இல்லை.

மன்றோவின் ஆணைக்கு விடையாக வந்த அறிக்கைகளுள் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823இல் எழுதியது சிறந்தது. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 9,27,857, பள்ளிகள் 533, மாணவர் 6,641 பேர். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையிற் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி. அடுத்தவனுக்கு இரண்டடி. இவ்வாறு அடிகள் ஏறிக்கொண்டே போகும். கற்ற பிள்ளைகள் கல்லாத பிள்ளைகட்குக் கற்பிக்கும் முறையைக் காம்பெல் பாராட்டினார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார்.

ஆனால் அவ்வறிக்கையின் உயிர்ப்பகுதி வேறு. பள்ளிகள் குறைந்துவருவதற்குக் காரணம் நாடு வறுமையடைந்தமையே என்று காம்பெல் துணிந்து கூறினார். ஐரோப்பியத் துணிகள் வந்து குவிந்தமையால் நெசவுத்தொழில் நலிந்தது. நடுத்தர மக்களும் ஏழைகளும் பள்ளிக்குப் பணம் கொடுக்க இயலாதவராயினர். பிள்ளைகளின் கைகாலில் சற்று வலுவேறியதும் அவர்களை வேலைக்கு அனுப்பவேண்டியதாயிற்று. முன்னாளில் அரசர் அளித்த மானியங்களும் மறைந்தன. 533 பள்ளிகளில் ஒன்றேனும் அரசாங்கத்தின் உதவி பெறவில்லை என்பதை எழுத வெட்கப்படுவதாக அவர் குறிப்பிட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் நூற்பு எந்திரங்களின் இடையே உழைத்துக்கொண்டிருந்தனர். ஒன்பது வயதுக்கு உட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைத்தலாகாது என்னும் சட்டம் அங்கு 1833இல்தான் வந்தது. பெல்லாரிச் சிறுவன் பள்ளியை விட்டதற்கும், லங்காஷயர்ச் சிறுவன் ஆலைக்குள் நுழைந்ததற்கும் இடையே ஒரு பருத்திநூல் ஓடுகிறது. ஒரு நாட்டின் குழந்தைப் பருவத்தைத் தனியே எடுத்து, ‘இது முன்னேறியது, இது பின்தங்கியது’ என்று வரிசைப்படுத்துவோர் இந்நூலைக் காணத் தவறுகின்றனர்.

இனித் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் என்ன கற்பித்தனர் என்பதைக் காண்போம். ‘பொருளறியாத மனப்பாடம்’ என்று பிற்காலக் கல்வியதிகாரிகள் அதனை இகழ்ந்தனர். அரிச்சுவடியும் நீதிநூல்களும் நிகண்டும் மனப்பாடமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்சுவடியைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதிலிருந்து தொடங்கும் பின்னங்களின் வரிசை ஒருபுறம். செவிடு, ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி, கலம் என வளரும் நெல்லிலக்கம் ஒருபுறம். பொன் நிறுக்கும் கணக்கு ஒருபுறம். நிலத்தின் பரப்பைக் காணும் குழிமாற்று மற்றொருபுறம். இவை அனைத்தும் களத்திலும் கடையிலும் வயல் வரப்பிலும் அன்றாடம் வழங்கிய அளவைகள். பிள்ளை காலையில் திண்ணையிற் பாடியதையே மாலையில் களத்துமேட்டிற் கண்டான். இப்பள்ளிகளின் கணிதத்தைப் பற்றி 2022இல் நூல் வெளியிட்ட ஆய்வாளர் செந்தில் பாபு, நினைவு என்பது அங்கே அறிவைப் பயிலும் ஒரு முறையாகவே விளங்கிற்று என்று காட்டுகிறார். ஊரின் நிலவியலே பாடமாக அமைந்த கல்வி அது. பின்னர் வந்த பாடநூல்கள் உருண்டை உலகத்திலும் தொலைநாட்டு ஆறுகளிலும் தொடங்கின. தன் ஊர் ஏரியின் மதகைப் பற்றி அவற்றுள் மாணவன் ஒரு சொல்லும் காணவில்லை.

இவ்வளவும் கேட்டபின், ‘பழைய காலம் பொற்காலம், அயலார் வந்து கெடுத்தனர்’ என்று முடிவுகட்டத் தோன்றும். 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டனில் உரையாற்றிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியா எழுத்தறிவிற் குறைந்துவிட்டது என்றும், பழைய கல்வி என்னும் அழகிய மரம் வேர் அறுபட்டு மடிந்தது என்றும் கூறினார். சர் பிலிப் ஹார்டாக் என்னும் கல்வியறிஞர் இதனை மறுத்துச் சான்று கேட்டார். அவ்விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. 1983இல் தரம்பால் என்னும் ஆய்வாளர் சென்னை மாகாணக் கலெக்டர்களின் அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் சூத்திரர் எனவும் பிற சாதியார் எனவும் குறிக்கப்பட்ட பிள்ளைகளே பெரும்பான்மையர் என்பதை அத்தொகுப்பு வெளிப்படுத்தியது. பள்ளி பிராமணர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் எண்ணம் அதனால் தளர்ந்தது.

ஆனால் மாணவர்களே, இங்கே நாம் மிக விழிப்பாக இருக்கவேண்டும். திண்ணை என்பது யாரோ ஒருவர் வீட்டின் முன்புறம். வீடு இருப்பது ஒரு தெருவில். அத்தெருவில் நடக்கவே உரிமையற்றவர் நம் ஊர்தோறும் வாழ்ந்தனர். சேரியில் பிறந்த குழந்தைக்குத் திண்ணைப் பள்ளி நூறு கெசத் தொலைவில் இருந்தாலும், அது கடல் கடந்த தொலைவே. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லா மக்களும் பயன்படுத்தலாம் எனத் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. பள்ளிக்குப் போகும் வழி உண்டா என்றும் கேட்க வேண்டும். அயலாரின் ஆதிக்கத்தை நீக்கி நோக்குவோர் உள்ளூர் ஆதிக்கத்தை மூடி மறைப்பாராயின், அவர்தம் பார்வை பாதிப் பார்வையே ஆகும்.

இனிக் கடல் கடந்து ஆப்பிரிக்காவிற்குச் செல்வோம். சூடான் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில், 1925இல், சென்னார் அணை கட்டி முடிக்கப்பட்டது. கெசீராப் பெருநிலத்தில் லங்காஷயர் ஆலைகளுக்கெனப் பருத்தி பயிராயிற்று. நாடு 1956இல் விடுதலை பெற்றது. ஆயினும் அப்பருத்தித் திட்டங்களின் வடிவம் மாறவில்லை. 1971இல் சூக்கி என்னுமிடத்தில் அரசாங்கம் மற்றொரு பாசனத் திட்டத்தை அமைத்தது. அதனுட்பட்ட ஒரு சிற்றூரில், 1981ஆம் ஆண்டில், சிண்டி காட்ஸ் என்னும் அமெரிக்கப் புவியியலார் தங்கிப் பத்து வயதுப் பிள்ளைகளின் வாழ்வை ஆராய்ந்தார். அவ்வூரின் உண்மைப் பெயரை மறைத்து ஹோவா என்று அவர் அழைத்தார்.

அவர் கையாண்ட முறை கருதத்தக்கது. வினாப்படிவத்தோடு அவர் நிற்கவில்லை. பிள்ளைகள் ஆடு மேய்க்கவும், நீர் மொள்ளவும், விறகு பொறுக்கவும் சென்ற வழியெல்லாம் உடன் நடந்தார். தம் ஊரை மண்ணாற் செய்து காட்டுமாறு அவர்களை வேண்டினார். பிள்ளைகள் தரையில் வீடும் வயலும் வாய்க்காலும் அமைத்து, அவற்றினிடையே விளையாடிக் காட்டினர். அவ்விளையாட்டில் பருத்தி விற்பதும் கடன் கணக்குப் பார்ப்பதும் இருந்தன. பெரியோரின் பொருளியலை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். எந்தச் செடி எங்கே வளரும், எந்த நிலத்தில் எது விளையும் என்பனவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் ஒரு துயரம் அங்கே பதுங்கியிருந்தது. திட்டத்திற்காக மேய்ச்சல் நிலமும் காடும் வயல்களாக மாறியதால், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பிள்ளைகள் முன்னினும் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. குடும்பங்கட்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டமையால், அவர்கள் வளர்ந்தபின் உழுவதற்கு நிலம் கிடைப்பதும் அரிதாயிற்று. கருத்தோடு கற்ற வேளாண்மை அறிவு பயன்படாமற் போகும் நிலையில் அவர்கள் வளர்ந்தனர். 2004இல் வெளியான காட்ஸின் நூல் இதனை விரித்துரைக்கிறது.

ஜேம்ஸ் பிளாட் என்னும் புவியியலாரையும் இங்கு நினைவுகூரல் வேண்டும். மிக இளம் பிள்ளைகளுக்கு நிலப்படத்தை அறியும் ஆற்றல் இராது என்று உளநூலார் பலர் கருதிய காலத்தில், அவரும் அவர்தம் தோழரும் மாசச்சூசெட்சிலும் போர்ட்டோரிக்கோவிலும் சிறுபிள்ளைகளிடம் வானிலிருந்து எடுத்த நிழற்படங்களைக் காட்டினர். நிலப்படப் பாடம் கேளாத அப்பிள்ளைகள் வீட்டையும் சாலையையும் எளிதில் இனங்கண்டனர். இதே பிளாட் 1993இல் வெளியிட்ட நூலொன்றில், நாகரிகம் அனைத்தும் ஐரோப்பாவிற் பிறந்து உலகெங்கும் பரவியது என்னும் கோட்பாட்டை மறுத்தார். இவ்விரு பணிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்னும் எண்ணமும், ஆளப்பட்ட மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்னும் எண்ணமும் உடன்பிறந்தவை. ஆளப்பட்ட மக்களைக் ‘குழந்தைகள்’ என்றே பேரரசினர் அழைத்தனர் அல்லரோ?

அண்மையிலுள்ள கேரளத்தையும் பார்ப்போம். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளின் உழைப்பை ஆராய்ந்த ஓல்கா நியூவன்ஹாய்ஸ் என்னும் டச்சு நாட்டறிஞர் 1994இல் தம் நூலை வெளியிட்டார். சிறுவர் மீன்பிடித் தொழிலிலும், சிறுமியர் தென்னை நார் திரிப்பதிலும் வீட்டுப் பணியிலும் உழைத்தனர். தொழிற்சாலையில் நிகழும் வேலையைச் சட்டம் கண்டது. முற்றத்தில் நிகழும் வேலையை அது காணவில்லை. சிறுமி காலை முதல் செய்வது ‘வேலை’ என்று பெயர்பெறவே இல்லை. ‘தாய்க்கு உதவி’ என்றே பெயர்பெற்றது. இந்தப் பழங்குறை இன்னும் தீரவில்லை. 1881ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டோரை ஆலையினின்று விலக்கியதேயன்றி, வீட்டுக்குள் புகவில்லை. 2016இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகள் பள்ளி நேரத்திற்குப் புறம்பே குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடந்தருகிறது.

இதனைக் கேட்டு, ‘பிள்ளைகளின் உழைப்பும் ஒருவகைக் கல்வியே, ஆகவே அவர்கள் உழைக்கட்டும்’ என்று எவரேனும் கூறுவாராயின், அவர் இவ்வாராய்ச்சியின் கருத்தைத் திரித்தவராவார். ஆடு மேய்ப்பவனிடம் அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்வது வேறு. அவன் ஆயுள் முழுதும் ஆடு மேய்க்கவேண்டும் என்பது வேறு. பள்ளி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. 2009இல் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை அவ்வுரிமையை உறுதி செய்கிறது. நாம் வேண்டுவது யாதெனில், பள்ளிக்குள் நுழையும் பிள்ளை வெறுங்கையோடு வருவதாக ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் எண்ணலாகாது என்பதே.

மாணவ நண்பர்களே! இந்த ஆராய்ச்சிக்கு நீங்கள் அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. உங்கள் தெருவிலேயே தொடங்கலாம். உங்கள் தம்பியையோ தங்கையையோ அழைத்து, அவர்கள் நாள்தோறும் நடக்கும் வழியைத் தரையில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் விளையாடும் இடம் எது, அஞ்சும் இடம் எது, போகக்கூடாதென்று பெரியோர் தடுத்த இடம் எது என்று கேளுங்கள். பின்னர் உங்கள் பாட்டியிடம் அதே வினாக்களைக் கேளுங்கள். பத்து வயதில் அவர் ஓடித்திரிந்த எல்லை, பன்னிரண்டு வயதில் எவ்வாறு வாசற்படிக்குள் சுருங்கியது என்பதை அவர் சொல்லுவார். ஊரின் மறுகோடியில் வாழும் நண்பனிடமும் கேளுங்கள். மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஊர் மூன்று ஊராகத் தோன்றும்.

நீங்கள் கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதுங்கள். மணலில் எழுதிய அப்பிள்ளைகளின் பெயரை எவரும் கேட்டு எழுதவில்லை. அக்குறை இனியேனும் நேராதிருக்கட்டும்.